மூச்சு போய்ச் சேரும் இடம்

லே விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்து நிற்கும்போதே ஒலிபெருக்கி சொல்லிவிடுகிறது: பத்தாயிரம் அடிக்கு மேல் வந்திருக்கிறீர்கள், இரண்டு நாள் ஓய்வெடுங்கள், உடம்பை வருத்தும் எதையும் செய்யாதீர்கள். வந்தவர்களில் பாதிப்பேர் அதைக் காதில் வாங்குவதில்லை. வெயில் பளீரென்று அடிக்கிறது. வானம் அப்படியொரு நீலம். பனி மூடிய ஸ்டோக் மலைத்தொடர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதாகத் தோன்றுகிறது. இந்த இடத்தில் உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது? சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடுதியின் முதல் மாடிக்கு ஏறிக் கட்டிலில் உட்கார்ந்தபோது இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் மூச்சு வாங்கியது.

மேலே போனால் காற்றில் ஆக்ஸிஜன் குறைந்துவிடும் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். சென்னைக் கடற்கரையிலும் லேயிலும் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு ஒன்றுதான், ஏறத்தாழ 21 சதவீதம். குறைந்திருப்பது காற்றின் அழுத்தம். லேயில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் அதே விகிதத்தில் குறைகின்றன. நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் அவற்றைத் தள்ளும் விசையும் குறைகிறது. விடுதிக்காரர் மேசை இழுப்பறையில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வைத்திருந்தார், கொரோனா காலத்தில் நாமெல்லாம் வாங்கி வைத்த அதே சின்னக் கருவி. விரலை மாட்டினேன். 86 காட்டியது. ஊரில் இந்த எண்ணைப் பார்த்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். அவர், "இன்றைக்கு இது போதும் சார். தண்ணீர் நிறையக் குடியுங்கள், நாளைக்கு ஏறிவிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் விரலில் மாட்டப் போய்விட்டார்.

அன்றிரவு கண் அசந்தபோதெல்லாம் மூச்சு நின்றது. சில நொடிகளில் திணறி விழித்து, வேகவேகமாக நாலைந்து மூச்சு இழுத்து, மறுபடி கண்ணை மூடுவேன், மறுபடியும் நிற்கும். புதிதாக உயரத்துக்கு வருகிறவர்கள் பலருக்கும் இது நேர்கிறது. இதன் காரணத்தைத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பயம் போய் வியப்பு வந்தது. "மூச்சு விடு" என்று மூளைத்தண்டை முடுக்குவது பெரும்பாலும் ஆக்ஸிஜன் அல்ல, நம் செல்கள் வெளியே தள்ளும் கரியமில வாயு. காற்று மெலிந்த இடத்தில் உடம்பு வேகமாக மூச்சு விடுகிறது. அந்த வேகத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது. இரத்தம் காரத்தன்மை அடைகிறது. மூச்சு தேவையில்லை என்று மூளைத்தண்டு முடிவு செய்துவிடுகிறது. பிறகு ஆக்ஸிஜன் அபாய அளவுக்கு இறங்கும்போது இன்னொரு உணர்வி விழித்துக்கொண்டு நம்மையும் எழுப்பிவிடுகிறது. மலையேறுகிறவர்கள் விழுங்கும் அசிட்டசோலமைடு மாத்திரை, சிறுநீரகத்தைக் கொண்டு பைகார்பனேட்டை வெளியேற்றி, இரத்தத்தின் அந்தக் காரத்தன்மையைக் குறைக்கிறது. மூச்சு சீராகிறது. கழிவு என்று நாம் படித்த வாயுவின் கையில் இருக்கிறது நம் மூச்சின் லகான்.

அந்த வாயு எங்கிருந்து வருகிறது? பள்ளிக்கூடத்தில் சுவாச மண்டலம் என்று மூக்கு, மூச்சுக்குழல், நுரையீரல் வரைந்து பாகங்களைக் குறித்தோம். அந்தப் படம் வாசலோடு நின்றுவிடுகிறது. இதில் மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. விஞ்ஞானமே நெடுங்காலம் வாசலில்தான் நின்றது. பாரிஸில் லாவோசியரும் லாப்லாஸும் 1780களின் தொடக்கத்தில் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்தார்கள். அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது, அது எவ்வளவு கரியமில வாயு விடுகிறது என்று அளந்தார்கள். கரியை எரித்தும் அதே அளவுகளை எடுத்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போயின. சுவாசம் என்பது மெதுவாக நடக்கும் எரிதல் என்று லாவோசியர் அறிவித்தார். எரிவது எங்கே என்றபோது அவர் நுரையீரலைத்தான் நினைத்தார். அதைத் திருத்த ஏறத்தாழ நூறு வருஷம் ஆயிற்று. 1870களில் ஜெர்மனியில் ஃப்ளூகரின் ஆய்வகத்தில் தவளைகளின் இரத்தத்தை வடித்துவிட்டு உப்புக் கரைசலை நிரப்பிப் பார்த்தார்கள். சுத்த ஆக்ஸிஜனில் வைத்த அந்தத் தவளைகள் முன்போலவே ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியிட்டன. எரிவது திசுக்களுக்குள்ளே, ஒவ்வொரு செல்லிலும் என்பது அதன்பிறகு உறுதிப்பட்டது.

உடம்பு பழகியதும் முதலில் மேற்கே அல்ச்சி வரை போய்வந்தேன், ஆயிரம் ஆண்டுப் பழமை சொல்லப்படும் அந்த மடாலயத்துச் சுவரோவியங்களைப் பார்க்க. வழியில் சிந்து நதியை மறித்து நிம்மோ–பாஸ்கோ நீர்மின் நிலையம் இருக்கிறது. 45 மெகாவாட். வறண்ட மலைகளுக்கு நடுவே பச்சை நீர் தேங்கி நிற்க, அணைக்குக் கீழே சுழலிகளைச் சுற்றிவிட்டு ஆறு வெளியே வருகிறது. செல்லுக்குள் நடக்கும் அந்த எரிதலைத்தான் பயணம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்; அதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது என்று காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன்.

காலையில் தின்ற காம்பிர் ரொட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதன் மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோஸாகி இரத்தத்தில் ஏறுகிறது. செல்லுக்குள் நுழைந்ததும், ஆறு கார்பன் கொண்ட குளுக்கோஸ் மூன்று மூன்று கார்பனாக இரண்டு பைருவேட் துண்டுகளாகிறது. இதற்கு ஆக்ஸிஜன் வேண்டாம். லாபமும் குறைவு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் இரண்டே இரண்டு. அந்தத் துண்டுகள் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணறைகளுக்குள் போகின்றன. அங்கே, ஹான்ஸ் கிரெப்ஸ் 1937ல் ஷெஃபீல்டில் கண்டறிந்த சுழற்சியில் சுற்றிச் சுற்றி, கார்பன் ஒவ்வொன்றாகக் கரியமில வாயுவாகக் கழன்று போகிறது. இதுவரையிலும் நாம் இழுத்த ஆக்ஸிஜன் எதையும் தொடவில்லை! ரொட்டியின் கார்பன் முழுக்க வெளியேறிய பிறகும் அது தன் முறைக்காகக் காத்திருக்கிறது. நாம் உள்ளே இழுக்கும் ஆக்ஸிஜன்தான் கார்பனோடு சேர்ந்து கரியமில வாயுவாகத் திரும்புகிறது என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இழுத்த ஆக்ஸிஜன் தண்ணீராகிறது. கரியமில வாயுவில் இருக்கும் ஆக்ஸிஜன் உணவிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தது.

ரொட்டியில் மிச்சமிருப்பது ஹைட்ரஜன். அதன் எலக்ட்ரான்களில்தான் ஆற்றல் இருக்கிறது. மைட்டோகாண்டிரியாவின் மடிப்பு மடிப்பான உள்சவ்வில் வரிசையாகப் புரதங்கள் பதிந்திருக்கின்றன. எலக்ட்ரான்கள் அவற்றின் வழியே படிப்படியாக இறங்குகின்றன. இறங்கும்போது விடும் ஆற்றலைக் கொண்டு அந்தப் புரதங்கள் புரோட்டான்களைச் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இறைக்கின்றன. மறுபக்கத்தில் புரோட்டான்கள் தேங்குகின்றன, அணைக்குப் பின்னால் சிந்து தேங்கி நிற்பது மாதிரி. திரும்பி வர அவற்றுக்குப் பெரிய வழி ஒன்றுதான்: ஏடிபி சிந்தேஸ் என்ற சுழலி. புரோட்டான்கள் அதன் வழியே பாயும்போது அது நிஜமாகவே சுழல்கிறது, நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல்கூட. ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி. 1997ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அதன் அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் படம் பிடித்தே காட்டினார்கள். சவ்வின் தடிமன் மீட்டரில் நூறு கோடியில் சில பங்கு. அதன் இரு பக்கத்துக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாடு சிறியதே. ஆனாலும் அவ்வளவு மெல்லிய சவ்வில் அது, மீட்டருக்குக் கணக்கிட்டால், ஏறத்தாழ மூன்று கோடி வோல்ட் ஆகிறது.

புரோட்டான் தேக்கம் என்ற கருத்தை 1961ல் பீட்டர் மிட்செல் சொன்னபோது சக விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. உடல்நலம் கெட்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய அவர், இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைப் பழுதுபார்த்து, அங்கேயே ஆய்வகம் அமைத்துச் சோதனைகளைத் தொடர்ந்தார். 1978ல் நோபல் பரிசு வந்தது.

ஏடிபி என்றதும் எனக்கு ஒரு சென்னை மாணவர் நினைவுக்கு வருவார். யெல்லப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். சுதந்திரப் போராட்ட உணர்வில் அறுவைக்கூடத்துக்குக் கதராடையில் வந்தார் என்பதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாகக் கீழ்நிலைப் பட்டம் பெற்றவர். பாஸ்டன் போய் ஹார்வர்டில் ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து, தசையில் பாஸ்போகிரியேட்டினையும் ஏடிபியையும் பிரித்தெடுத்தார். ஏடிபி 1929ல். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமானும் தனியாக அதைக் கண்டறிந்திருந்தார். நம் உடம்பில் எந்தக் கணத்திலும் இருக்கும் ஏடிபி கொஞ்சம்தான். அது உடைந்து, மறுபடி கட்டப்பட்டு, மறுபடி உடைகிறது. ஒரு நாளில் இப்படிக் கட்டப்படுவதை எல்லாம் சேர்த்து நிறுத்தால் நம் உடல் எடை அளவுக்கு வரும். சென்னையில் சுப்பாராவுக்கு இன்னும் பெரிய நினைவிடம் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

நான் போகவேண்டிய இடம் கிழக்கே, சாங்தாங் பீடபூமியில். லேயிலிருந்து காரு, உப்ஷி தாண்டிச் சிந்துவின் கரையோடே சாலை ஏறுகிறது. செந்நிறம், ஊதா, சாம்பல் என்று மலை நிறம் மாறிக்கொண்டே வருகிறது. புல் பூண்டு கிடையாது. சுமத்தாங்கில் சாலையோரம் வெந்நீர் ஊற்று ஆவி விடுகிறது. மாஹே பாலத்தில் அனுமதிச் சீட்டைக் காட்டி ஆற்றைக் கடந்தால் பூகா பள்ளத்தாக்கு.

பூகாவில் காரை விட்டு இறங்கியதும் அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. தரையெல்லாம் வெண்காரம் பூத்து வெளுத்திருக்கிறது. நடுவே கந்தக மஞ்சள். கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சேறு குமிழ் விட்டுக் கொதிக்கிறது. இந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. திறந்த வெளியில் சற்று நேரம் முகர்ந்தால் ஒன்றுமில்லை. மூடிய இடத்தில் செறிந்தால் ஆளைக் கொல்லும். நம் ஊரில் பாதாளச் சாக்கடைக்குள் இறக்கிவிடப்பட்ட எத்தனையோ தொழிலாளர்களின் உயிரைக் குடித்தது இந்த வாயுதான். அது போய் ஒட்டுவது, எலக்ட்ரான்கள் இறங்கும் அந்த வரிசையின் கடைசிப் புரதத்தில். அதன் பெயர் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ். சயனைடு ஒட்டுவதும் அதே இடத்தில்தான். நுரையீரல் நன்றாக இருக்கும், இரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்கும், ஆனால் செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது.

அந்தக் கடைசிப் புரதத்தில்தான் நம் மூச்சு போய்ச் சேருகிறது. நாம் இழுக்கும் ஆக்ஸிஜனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்கே செலவாகிறது. இறங்கி வந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். வாங்க ஆளில்லாவிட்டால் வரிசை முழுக்க அடைத்துக்கொள்ளும், புரோட்டான் இறைப்பு நிற்கும், சுழலி நிற்கும். அங்கே ஆக்ஸிஜனின் வேலை இது ஒன்றுதான். ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறு, நான்கு எலக்ட்ரான்களையும் நான்கு புரோட்டான்களையும் வாங்கி இரண்டு நீர் மூலக்கூறுகளாகிறது. வேலை முடியும்வரை அந்தப் புரதம் ஆக்ஸிஜனைப் பிடித்த பிடி விடுவதில்லை. அரைகுறையாக எலக்ட்ரான் வாங்கிய ஆக்ஸிஜன் தப்பித்து வெளியே போனால் செல்லை அரித்துவிடும். ஒரு குளுக்கோஸிலிருந்து இந்த வழியில் 30 முதல் 32 ஏடிபி வரை கிடைக்கிறது என்பது இன்றைய கணக்கு; 38 என்று நாங்கள் மனப்பாடம் செய்தது பழைய கணக்கு.

நம்மைக் கொல்லும் இதே கந்தகத்தைக் கொண்டு வாழும் நுண்ணுயிர்களும் உலகின் வெந்நீர் ஊற்றுகளில் இருக்கின்றன. சில, ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து எலக்ட்ரானை உருவுகின்றன. வேறு சில, ஆக்ஸிஜனுக்குப் பதில் கந்தகத்திடமே எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகின்றன. கொடுப்பதும் வாங்குவதும் மாறினாலும் புரோட்டானைத் தேக்கிச் சுழலியைச் சுற்றும் முறை அவற்றிலும் அதேதான். பூமியில் ஆக்ஸிஜன் நிறைவதற்கு முந்தைய ஏற்பாடு இது என்று நினைத்துக்கொண்டு அந்த மஞ்சள் சேற்றைப் பார்த்தபோது, கிளம்பலாமா என்று ஓட்டுநர் கேட்டது முதலில் காதில் விழவே இல்லை.

நம்ஷாங் கணவாயைத் தாண்டி இறங்கினால் சோ மோரிரி. 4,522 மீட்டர் உயரத்தில், வடக்கு தெற்காக இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் ஏரி. காலையில் ஒரு நீலம், மதியம் இன்னொரு நீலம், மேகம் மூடினால் ஈயச் சாம்பல். 2002ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. காற்றழுத்தம் இங்கே கடல் மட்டத்தில் உள்ளதில் 60 சதவீதம்கூட இல்லை. கரையில் கோர்சோக் கிராமம், ஒரு மடாலயம், கொஞ்சம் பார்லி வயல். உலகின் மிக உயரமான பயிர் நிலங்களில் ஒன்று என்று அந்த வயலைச் சொல்கிறார்கள். ஆடி மாதத்திலும் பயிர் முழங்காலுக்கு எட்டவில்லை.

தங்கிய வீட்டின் அம்மா, இங்கே அமா-லே என்பார்கள், வறுத்த பார்லி மாவைக் கிண்ணத்தில் போட்டு, வெண்ணெயும் உப்பும் கலந்த குர்குர் தேநீரை ஊற்றிக் கட்டைவிரலால் பிசைந்து உருட்டிக் கொடுத்தார். கேழ்வரகு மாவை வறுத்தால் வரும் வாசனை. இங்கே மாவுச்சத்துக்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது: ஒரு லிட்டர் ஆக்ஸிஜனைச் செலவழித்து மாவுச்சத்தை எரித்தால் ஏறத்தாழ 5 கிலோகலோரி கிடைக்கும், கொழுப்பை எரித்தால் 4.7 தான். எடைக்கு எடை கொழுப்பில் ஆற்றல் அதிகம். ஆக்ஸிஜனுக்கு ஆக்ஸிஜன் பார்த்தால் மாவு கொஞ்சம் முந்துகிறது. நேபாளத்தில் ஷெர்பாக்களின் தசையை ஆராய்ந்து 2017ல் வெளியான ஆய்வு, அவர்களுடைய தசை கொழுப்பைக் குறைவாக எரிக்கிறது, ஆக்ஸிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்று காட்டியது. திபெத்தியர்களின் கதை இன்னொன்று. மேலே வந்த என் உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டிக்கொண்டே போகும், இரத்தம் கெட்டியாகும். அவர்களில் பெரும்பாலோருக்கு அப்படிக் கூடாமல் தடுக்கும் ஒரு மரபணு வகை இருக்கிறது. அது, அழிந்துபோன டெனிசோவன் மனித இனத்திலிருந்து கலப்பில் வந்தது என்று 2014ல் தெரியவந்தது.

இரவு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, அமா-லேயின் மாமனார் சாங் ஊற்றிக் கொடுத்தார். பார்லியை வேகவைத்து, ஈஸ்ட் உருண்டையைப் பொடித்துத் தூவி, மூடி வைத்துப் புளிக்கவிட்ட பானம். மூடிய பானைக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்துபோனதும் ஈஸ்ட் என்ன செய்யும்? அந்த முதல் இரண்டு ஏடிபியோடு திருப்திப்பட்டு, மிச்சத்தைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் வெளியே விட்டுவிடுகிறது. சர்க்கரையின் ஆற்றலில் பெரும்பங்கு அந்தச் சாராயத்திலேயே தங்கிவிடுகிறது. காற்றுப் பட்டால் ஈஸ்ட் மிகக் குறைந்த சர்க்கரையிலேயே பிழைத்துக்கொள்ளும் என்பதை 1861ல் பாஸ்டர் எழுதினார். வேகமாக ஏற்றம் ஏறினால் நம் தசையும் இதே குறுக்கு வழிக்குத்தான் போகிறது. நமக்கு வருவது லாக்டேட்.

அறையில் அடுப்பைத் தவிர வேறு சூடு இல்லை என்று சொல்லக்கூடாது. ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். உணவின் ஆற்றலில் ஏறத்தாழ 40 சதவீதம் ஏடிபியில் பிடிபடுகிறது, மிச்சம் வெப்பம். சும்மா இருக்கும் ஒரு மனித உடம்பு 80, 90 வாட் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கிறது. காலையில் ஏரிக்கரை மேட்டில் பார்த்த மார்மட் இந்த வெப்பத்தையே தொழிலாக்கிக்கொண்ட பிராணி. பூனையைவிடப் பெரிது, கொழுத்த உடம்பு. வளை வாசலில் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று எங்களைப் பார்த்துக் கீச்சிட்டது. குளிர்காலம் முழுக்க வளைக்குள் உறைதூக்கம். எழுந்திருக்கும் நேரத்தில் அதன் பழுப்புக் கொழுப்பு வேலை செய்கிறது. அந்தக் கொழுப்புச் செல்களின் மைட்டோகாண்டிரியாவில் தெர்மோஜெனின் என்ற புரதம், புரோட்டான்களைச் சுழலிக்குப் போகவிடாமல் வேறு வழியாக உள்ளே விட்டுவிடுகிறது. ஏடிபி இல்லை, ஆற்றல் அத்தனையும் சூடு. பிறந்த குழந்தையின் முதுகிலும் தோளிலும் இதே கொழுப்புதான் குளிரிலிருந்து அதைக் காக்கிறது.

நான் இவ்வளவு தூரம் வந்தது வரித்தலை வாத்தைப் பார்க்க. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள், ஆரஞ்சு அலகு, சாம்பல் உடம்பு. கோர்சோக்குக்கு வெளியே ஓடை ஏரியில் கலக்கும் புல்தரையில் ஒரு ஜோடி, பின்னால் மஞ்சள் கலந்த சாம்பல் குஞ்சுகள். தாய் புல்லைக் கொறித்துக்கொண்டே நகர்கிறது. குஞ்சுகள் அதை விட்டு ஓரடி விலகுவதில்லை. ஆண் மட்டும் கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்தபடி நின்றது.

மலையேற்றக்காரர்கள் ஆக்ஸிஜன் சிலிண்டர் சுமந்து போகும் உயரங்களில் இந்தப் பறவை இறக்கை அடித்துப் பறக்கிறது. செயற்கைக்கோள் கருவி பொருத்தி ஆராய்ந்ததில் 7,200 மீட்டருக்கு மேல் பறந்த வாத்தும் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் அவை மலையின் ஏற்ற இறக்கத்தோடு ஒட்டித் தாழவே பறக்கின்றன. தேவைப்பட்டால்தான் அவ்வளவு உயரம். இதற்காக அதன் உடம்பில் வாசலிலிருந்து கடைசி அறைவரை எல்லாம் மாறியிருக்கின்றன. நுரையீரல் பெரிது. ஹீமோகுளோபினில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கும் ஓரிடத்தில் அலனின் வந்து, ஆக்ஸிஜனை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது. பறக்கும் தசையில் இரத்தத் தந்துகிகள் அதிகம். மைட்டோகாண்டிரியாக்கள் செல்லின் ஓரத்தில், தந்துகிகளை ஒட்டி நெருங்கி இருக்கின்றன. கடைசியாக, பூகாவில் நான் நினைத்துக்கொண்ட அதே சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ். முதுகெலும்புள்ள பிராணிகளில் பெரும்பாலும் மாறாத ஓர் இடத்தில், டிரிப்டோபேனுக்குப் பதிலாக இந்த வாத்தில் ஆர்ஜினின் இருக்கிறது என்று 2011ல் கண்டறிந்தார்கள்.

அந்தப் பகுதிக்கான மரபணு செல்லின் கருவில் இல்லை. மைட்டோகாண்டிரியாவின் சொந்த டிஎன்ஏவில் இருக்கிறது. ஒருகாலத்தில் மைட்டோகாண்டிரியா தனியே வாழ்ந்த பாக்டீரியா. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இன்னொரு செல்லுக்குள் புகுந்து தங்கிவிட்டது. பழைய வாழ்க்கையின் மிச்சமாகக் கொஞ்சம் மரபணுக்களை இன்னும் வைத்திருக்கிறது. அவை தாய் வழியாகத்தான் பிள்ளைக்குப் போகும். புல்தரையில் தாய்க்குப் பின்னால் நடந்த அந்தக் குஞ்சுகளுக்கு, இமயத்தைத் தாண்டவைக்கும் அந்த ஓரெழுத்து மாற்றம் தாயிடமிருந்து மட்டுமே வந்திருக்கிறது. உடலியல் ஆய்வாளர் ஜெசிகா மீர், வரித்தலை வாத்துக் குஞ்சுகளைத் தாய் ஸ்தானத்தில் இருந்து வளர்த்து, சிறு முகமூடி மாட்டி, அதன் வழியே ஆக்ஸிஜன் குறைந்த காற்றைச் செலுத்தி, காற்று ஓடும் குழாய்க்குள் பறக்கவிட்டு அளந்தவர். ஆக்ஸிஜன் குறையும்போது அவை ஆற்றல் செலவைக் குறைத்துக்கொள்கின்றன, இரத்தத்தைக் குளிர்வித்து அதில் இன்னும் கூடுதல் ஆக்ஸிஜனை ஏற்றிக்கொள்கின்றன என்று கண்டார். அந்த ஆய்வு 2019 செப்டம்பரில் வெளியானது. அதே மாதம் அவரே விண்வெளி நிலையத்துக்குப் பறந்தார்.

குளிர் தொடங்கும் முன்பே வாத்துகள் இந்த ஏரியை விட்டுப் போய்விடும். அதற்குள் கொழுப்பை ஏற்றிக்கொள்ளவேண்டும். பத்து கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாகவும் 1.6 கிலோ நீராகவும் உடம்பை விட்டுப் போகிறது என்று 2014ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அது மனிதர்களின் எடைக்குறைப்பைப் பற்றியது, வேதியியல் வாத்துக்கும் அதேதான். இழுத்த ஆக்ஸிஜனும் சேர்வதால், எரியும்போது உண்டாகும் நீரின் மொத்த எடை, எரிந்த கொழுப்பின் எடையையே சற்று மிஞ்சும். வறண்ட மலைக்காற்றில் பறக்கும் பறவைக்கு அந்த நீரும் பயன்படுகிறது.

அமா-லேயின் மாமனாரை நான் மேமே-லே என்று கூப்பிட்டேன். தாத்தாவை இங்கே அப்படித்தான் மரியாதையாக அழைக்கிறார்கள். பஷ்மினா ஆடு மேய்த்து வாழ்ந்தவர். வாத்துகள் தெற்கே போகும் என்று அவருக்குத் தெரியும்; எதுவரை என்று தெரியாது. எங்கள் மாநிலத்தில், நாட்டின் தென்கோடியில், திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கூந்தன்குளம் என்ற ஊருக்கு வரித்தலை வாத்து வருகிறது என்று ஓட்டுநர் வழியாகச் சொன்னேன். இந்த ஏரியின் வாத்துகளேதான் அங்கே வருகின்றன என்று சொல்லமாட்டேன். திபெத்திலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரிப்பவையும் உண்டு. பறவைகள் மிரளும் என்று அந்த ஊரார் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்றதும் அவர் சிரித்துத் தலையாட்டினார். பிறகு ஒரு மேய்ப்பர் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டார்:

"அங்கே மேய்ச்சல் எப்படி? என்ன தின்னும்?"

"புல் இருக்கிறது மேமே-லே. வயலில் நெல்லும் தின்னும்."

"நெல் என்றால்?"

"அரிசி. உமி நீக்காத அரிசி."

"லேயிலிருந்து லாரியில் வருகிறதே, ரேஷன் அரிசி, அதுவா?"

அதுதான் என்றேன். அது பார்லியைப் போல் வயிறு தாங்காதே, அவ்வளவு தூரம் திரும்பிப் பறக்க அது போதுமா என்று கவலையாகக் கேட்டார். போதும், ஒவ்வொரு வருஷமும் திரும்பி வருகின்றனவே என்றேன். அவர் இன்னொரு கிண்ணம் மாவை என் பக்கம் நகர்த்தினார்.